பூசையில் வைத்த பூட்டு

கார்மேகத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் ஒரு ஆளை அடித்துக்கொண்டிருந்தான். மஸ்கட்டில், ரூவி பக்கம், ஒரு மலிவு ஓட்டல் வாசலில். அடி வாங்கியவன் ஆள் பிடிக்கும் ஏஜெண்ட்; பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு டிமிக்கி கொடுத்தவன். உள்ளே பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நான் விலக்கிவிடப் போனேன். எனக்கும் ஒன்று விழுந்தது. கடைவாய்ப் பல் ஒரு வாரம் ஆடியது. சாயங்காலம் அவனே தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்து, தெரியாமல் பட்டுவிட்டது, கோபித்துக்கொள்ளாதே என்றான். அப்படித்தான் எங்கள் சிநேகம் ஆரம்பமானது. என் பெயர் பழனிச்சாமி. பொள்ளாச்சிக்காரன். சமையல் வேலை.

அவன் முதுகுளத்தூர் பக்கத்து ஆள். கம்பி வளைக்கிற வேலை. எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். நானும் நேரில் அப்படித்தான் கூப்பிடுவேன். எழுதும்போது அவன் என்றே வருகிறது, கோபித்துக்கொள்ள மாட்டான். கோபித்துக்கொண்டால்தான் என்ன, ஒன்று ஏற்கெனவே வாங்கியவன்தானே நான்.

கோபம் அவனுக்கு மூக்குக்கு மேல். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும். ஊரில் தண்ணீர்த் தகராறில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு ராமநாதபுரம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். கப்பல் ஏறப் புறப்பட்டபோது பெண்டாட்டி நாகவள்ளி, "போறதுதான் போற, அந்தக் கைய இங்கனயே வச்சிட்டுப் போ" என்றாளாம். இதை அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மஸ்கட்டில் ஒரு ஃபோர்மேனை அறைந்ததில் வேலை போயிற்று. அங்கிருந்து ஷார்ஜா, கூடவே நானும்.

ஷார்ஜாவில் அப்போது தோண்டாத இடம் கிடையாது. எழுபத்தாறாம் வருஷம் கார்மேகம் சொந்தமாக ஆள் சேர்த்துக்கொண்டு சப் காண்ட்ராக்ட் எடுத்தான். தொழில்பேட்டையில் பெரிய கிடங்கு ஒன்று, மேலே இரண்டு மாடி ஆபீஸ். கம்பி, சென்ட்ரிங், கொத்து எல்லாம் இவன் பொறுப்பு. இரும்பும் பலகையும் கடனாகக் கொடுத்தவர் கீழக்கரை செய்கு அலாவுதீன். ராமநாதபுரம் ஜில்லாக்காரன் என்ற ஒரே காரணத்துக்காக நம்பிக் கொடுத்தார். எனக்கு கேம்ப் சமையல். எங்களுக்கெல்லாம் மேலே பெரிய காண்ட்ராக்டர். அவன் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அவன் சார்பில் வந்து போகிறவர் இன்ஜினியர் ரகுநாதன். மெட்ராஸ்காரர், ஜெபல் அலி வேலைக்குப் போகப்போவதாக எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவர், குடும்பத்தோடு ஏ.சி. வீட்டில் இருந்தவர். தமிழ் பேசுகிறாரே என்று எங்களுக்கு அவர்மேல் ஒரு வாஞ்சை. அந்த வாஞ்சையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

மேல் தளம் போட்டு, பூச்சு முடிந்து, பெயிண்ட் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து ஊரில் பணம் வற்றிப்போனது. எந்த சைட்டில் பார்த்தாலும் பாதியில் நின்ற தூண். எங்கள் பெரிய காண்ட்ராக்டரும் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். ஒருநாள் ரகுநாதன் ஒரு காகிதத்தோடு வந்தார். எல்லாம் செட்டில் ஆகிவிட்டது, கட்டடத்தை ஒப்படைக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விடு, செக் அடுத்த மாசம் வீடு தேடி வரும் என்றார். கார்மேகம் பேனாவைக் கையில் வாங்கிவிட்டான். செய்கு அலாவுதீன்தான் ஓடிவந்து அந்தப் பேனாவைப் பிடுங்கி, அவனையும் என்னையும் வண்டியில் ஏற்றி, ஒரு வக்கீல் ஆபீசுக்குக் கொண்டுபோனார்.

அங்கே மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தவர் கௌஸ் முகம்மது. வாணியம்பாடிக்காரர். வக்கீல் அரபியில் சொன்னதை அவர் எங்கள் தலையில் ஏறுகிற மாதிரி தமிழில் சொன்னார்.

"உன் கம்பி கான்கிரீட்டுக்குள்ள போயிடுச்சு பாய். உன் வேர்வையும் போயிடுச்சு. பிடுங்கி எடுத்துட்டுப் போக முடியாது. ஆனா அந்தக் கட்டடம் உன் கையில இருக்கிறவரைக்கும் கோர்ட்டு உன் பேச்சக் கேக்கும். வெளியே வந்துட்டியோ, அப்புறம் நீ பிச்சைக்காரன்."

கட்டடச் சொந்தக்காரரான அரபிக்கு இன்றைக்கே நோட்டீஸ் போகும், எனக்குத் தெரியாதே என்று பின்னால் அவர் சொல்ல முடியாது என்றார். காசு கைக்கு வராமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். அதைச் சொல்லும்போது கார்மேகத்தின் கையைத்தான் பார்த்தார்.

"அவங்க அடிப்பாங்க. நீ திருப்பி அடிச்சா, கட்டடத்தப் பிடிச்சு வச்சிருக்கிறவன் இல்ல, ரவுடி. அன்னிக்கே உன்னப் பிளேன் ஏத்திடுவாங்க. அதோட கட்டடம் அவங்களுக்கு."

கார்மேகத்தின் வாழ்க்கையில் யாரும் அவனிடம் இதைவிடக் கஷ்டமான வேலையைக் கொடுத்ததில்லை.

நாங்கள் கேம்பைக் காலி செய்துவிட்டு, பாய் படுக்கையோடு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே குடிபோனோம். கார்மேகம் ஒரு கனத்த சங்கிலியும் பெரிய பூட்டும் வாங்கி வந்து கேட்டில் போட்டான். சாவி அவன் அரைஞாணில். இனி இந்தப் பூட்டுதான் நமக்குச் சோறு போடப்போகிறது என்றான்.

முதலில் தண்ணீர் லாரியை நிறுத்தினார்கள். அப்புறம் கரண்டைப் பிடுங்கினார்கள். அதற்கும் நாங்கள் அசையாததால் அடி ஆரம்பமானது. குப்பூஸ் ரொட்டி வாங்கப் போன கொத்தனார் ஒருவரை நாலு பேர் பிடித்துத் தெருவிலேயே மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்து, ரொட்டி முழுக்க ரத்தத்தோடு வந்து சேர்ந்தார். இன்னொரு நாள் கல்மழை. ஒரு ஆளுக்கு நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் கார்மேகம் கேட்டுக்கு உள்பக்கம் வந்து நிற்பான். கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். பயத்தில் இல்லை. அடிக்கப் போகிற கையை அடக்கிவைக்கிற பிடி அது. அவன் அடங்கியிருந்ததைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்படி இருக்கையில் ஆயுத பூசை வந்தது.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கிராமத்து ஆட்கள். எந்தக் கண்டத்தில் இருந்தாலும் அன்றைக்குக் கருவியைக் கழுவிப் பொட்டு வைக்காமல் சோறு இறங்காது. ஊரிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்த பொரியை செய்கு அலாவுதீன் ஒரு பை வாங்கிக் கொடுத்தார். பூசணிக்காய் கிடைக்கவில்லை, தர்பூசணிதான் இருந்தது. சாமிக்கு எல்லாம் தெரியும் என்று அதையே வாங்கிக்கொண்டோம். கீழே கிடங்குத் தளத்தைக் கழுவி, காலண்டரில் இருந்த சரஸ்வதியைத் தூணில் ஒட்டினோம். அவள் முன்னால் சுத்தியல், கரணை, கொறடு, கடப்பாரை, தூக்குக்குண்டு, கம்பி வளைக்கும் சாவிகள் எல்லாம் வரிசையாகப் படுத்தன. என் கத்தியும் கரண்டியும்கூட. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

கார்மேகம் தூரத்தில் நின்று பார்த்தான். பிறகு நேரே கேட்டுக்குப் போனான். பூட்டைத் திறந்தான். சங்கிலியை உருவினான். இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்து வரிசையின் நடுவில் வைத்தான்.

நான் அதிர்ந்துபோனேன். என்னங்க மேஸ்திரி இது என்றேன்.

"இந்த மாசம் பூரா நம்மளக் காப்பாத்துனது சுத்தியலா பழனி? இந்தப் பூட்டுத்தான். அத விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் பொட்டு வச்சா சாமி காறித் துப்பும்."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. அங்கே இருந்த ஒருவனுக்கும் இது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றவில்லை. கேட்டை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு, சூடம் ஏற்றிக் கும்பிட்டோம். தர்பூசணியை வாசலில் போட்டு உடைத்தோம். நாளைக்குக் காலையில் பூசை பிரிக்கிறவரை வரிசையில் இருக்கிற எதையும் தொடக் கூடாது.

பூசை முடிந்த நேரத்துக்கு ரகுநாதன் வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கயிற்றை அவிழ்த்து அவரை உள்ளே விட்டது கார்மேகம்தான். ஆயுத பூசைக்கு வாசலில் வந்து நிற்கிறவனை வெளியே நிறுத்தி எங்களுக்குப் பழக்கமில்லை. அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். விபூதி பூசிக்கொண்டார். என் சுண்டலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்றார். ஆபீஸ் விவகாரம் வேறு, இது வேறு என்றும் சொன்னார். அப்புறம் வரிசையைப் பார்த்து, "ஏம்பா கார்மேகம், பூட்டைக்கூட வச்சிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"நாளைக்குக் காலையில வரைக்கும் ஒரு ஆணியக்கூடத் தொடமாட்டோம் சார்" என்றான் கார்மேகம், பெருமையாக.

அவர் குழந்தைகளுக்கு என்று பொரிப் பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கட்டிக் கொடுத்தது நான்தான்.

சாயங்கால வெயில் இறங்குவதற்குள் லாரி வந்தது. கயிறு ஒரு வெட்டுக்குத் தாங்கவில்லை. கூலிக்குப் பிடித்த ஆட்கள், எந்த நாட்டுக்காரர்கள் என்றே தெரியாத கும்பல். ஆளுக்கு ஒரு இரும்புக் குழாய், சிலர் கையில் பிக்காசுக் கட்டை. ஏதும் கேட்கவில்லை, பேசவில்லை. உள்ளே வந்ததும் அடிக்க ஆரம்பித்தார்கள்.

முதல் அடி வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தவனுக்கு விழுந்தது. வாயிலேயே. பற்களும் பொரியும் சேர்ந்து கொட்டின. மாடிப்படியில் ஏறி ஓடிய ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்ததில், படிப்படியாகத் தாடை இடித்துக்கொண்டே கீழே வந்தான். இன்னொருவனை மாடியிலிருந்து மணல் குவியலுக்குத் தள்ளினார்கள். மணல்மேல் விழாமல் ஓரத்தில் விழுந்தான், தோள்பட்டை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அலறல் அந்தக் காலிக் கிடங்கில் மோதி மோதித் திரும்பியது. வாசலில் உடைத்த தர்பூசணிச் சிவப்பு எது, எங்கள் ஆட்களின் சிவப்பு எது என்று தெரியாமல் தரை ஒரே வழுக்கல்.

எங்களில் ஒருவன் வரிசையில் கிடந்த கடப்பாரையை நோக்கிப் பாய்ந்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

"பூசையில இருக்கிறதத் தொடாத. தொட்டா நீ என் ஆளே இல்ல."

கார்மேகத்தின் குரல். பாய்ந்தவன் கை அந்தரத்தில் நின்றது. நின்ற கையின்மேல் குழாய் இறங்கியது. கௌஸ் முகம்மது சொன்னதைச் சொல்லி அந்த நேரத்தில் யாரையும் அடக்கியிருக்க முடியாது. சாமியைச் சொன்னான், அடங்கினார்கள். இவ்வளவு யோசனை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவன் சரஸ்வதி ஒட்டியிருந்த தூணைக் கட்டிப் பிடித்திருந்தான். அதை ஒட்டி, கிடங்கைப் பின்னால் பெரிதாக்கிக் கட்டுவதற்காக விட்டுவைத்த கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, அவனே கட்டிய கம்பிகள். அதில் இரண்டைக் கைகளால் பிடித்திருந்தான். இவனை வெளியே தூக்கிப் போட்டால் போதும், கட்டடம் அவர்களுடையது என்று வந்தவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலும். நாலைந்து பேர் அவன் காலைப் பிடித்து இழுத்தார்கள். உடம்பு தரைக்கு மேலே கிடையாக நின்றது. கை விடவில்லை. முதுகில் அடித்தார்கள். விடவில்லை. பிறகு ஒருவன் முன்பக்கம் வந்து, கம்பியோடு சேர்த்து அவன் வலது கை விரல்களை அடித்தான். கொல்லன் பட்டறையில் அடிப்பதுபோல, அவசரமில்லாமல், ஒரே இடத்தில். விரல்கள் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

என் கத்தி பூசையில் இருந்தது. உலை பூசையில் இல்லை. அடுப்பில் பெரிய அண்டா நிறையக் கொதித்துக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு எட்டில் அந்த விரல் உடைக்கிறவன் தலை. கார்மேகம் என்னைப் பார்த்தான். முகமெல்லாம் ரத்தம்.

"பழனி, கீழ வைய்யா" என்றான். "நம்ம கைபட்டு ஒருத்தனுக்கும் ரத்தம் வரக்கூடாது."

வைத்தேன். எத்தனையோ அண்டாக்களை இறக்கி வைத்த கை இது. அன்றைக்கு அந்த ஒன்றை இறக்கியதற்கு நான் பட்ட வேதனையைச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருந்த என்னையும் ஒருவன் வந்து உதைத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்த செய்கு அலாவுதீன், தூரத்திலேயே லாரியைப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பி நேரே போலீசுக்குப் போயிருக்கிறார். போலீஸ் வந்தபோதும் அவர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவ்வளவு தைரியம்.

வந்த அதிகாரி இளவயது அரபி. லாரியில் வந்தவர்களின் ஃபோர்மேன், இந்த மதராசிகள்தான் எங்களைத் தாக்கினார்கள், சைட் முழுக்க ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்று அடித்துப் பேசினான். அதிகாரி வரிசையைப் பார்த்தார். குனிந்து ஒரு சுத்தியலை, தொடாமல், பார்த்தார். சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. கடப்பாரையில் குங்குமம் கலையவில்லை. இது என்ன என்று கேட்டார். செய்கு அலாவுதீன் அரபியில் சொன்னார்: இன்றைக்கு இவர்கள் கருவிகளுக்கு மரியாதை செய்கிற நாள், உயிரே போனாலும் தொட மாட்டார்கள்.

கேட்டை ஏன் பூட்டவில்லை என்று அடுத்த கேள்வி. அலாவுதீன் தயங்கித் தயங்கி, வரிசையின் நடுவில் பொட்டோடு உட்கார்ந்திருந்த பூட்டைக் காட்டினார். அதிகாரி பூட்டைப் பார்த்தார், தூணில் தொங்கிய கார்மேகத்தைப் பார்த்தார். மஜ்னூன் என்றார். பைத்தியம் என்று அர்த்தம். பிறகு லாரி ஆட்களின் குழாய்களைப் பொறுக்கச் சொன்னார். அதில் ஒட்டியிருந்த ரத்தம் யாருடையது என்று அவர் கேட்கவே இல்லை.

கார்மேகத்தைக் கம்பியிலிருந்து எடுக்க நாங்கள் பட்ட பாடு பெரிது. இடது கையை அவனே விட்டான். வலது கை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தோம். ஆஸ்பத்திரிக்குக்கூட எல்லோரும் போகக் கூடாது, நாலு பேராவது உள்ளே இருங்கள் என்று ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி சொன்னான். இருந்தோம். மறுநாள் காலையில், உடைந்த தாடையும் கட்டுப் போட்ட தலையுமாகப் பூசையைப் பிரித்து, முதலில் எடுத்தது பூட்டைத்தான்.

கோர்ட்டில் பெரிய பேச்சு நடக்கவில்லை. நாங்கள் ஒரு நாளும் வெளியே வரவில்லை, எதையும் ஒப்படைக்கவில்லை, கை ஓங்கவில்லை, போலீஸே சாட்சி. நோட்டீஸ் வாங்கியிருந்த அரபி, தான் அதுவரை பெரிய காண்ட்ராக்டருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்ததிலிருந்து எங்களுக்கும் அலாவுதீனுக்கும் சேரவேண்டியதை நேராகக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். உடைந்த எலும்புகளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. கார்மேகத்தின் கட்டைப் பிரித்தபோது வலது கை விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன. அந்தக் கம்பியைப் பிடித்த பிடி அப்படியே இருந்தது. இனி அந்தக் கையால் ஒரு கம்பியையும் வளைக்க முடியாது.

ஒப்படைக்கும் நாள் வந்தது. கிடங்கு வாசலில் கௌஸ் முகம்மது, அலாவுதீன், நாங்கள் எல்லோரும். பாங்கில் பணம் ஏறிவிட்டதை அலாவுதீன் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பெரிய காண்ட்ராக்டர் சார்பில் சாவி வாங்க வந்தவர் ரகுநாதன். இஸ்திரி போட்ட சட்டை. எங்கள் ஆட்கள் முகத்தில் இருந்த தையல்களைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்மேகம் இடது கையால் பேனா பிடித்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். பிறகு கௌஸ் முகம்மது பக்கம் திரும்பினான்.

"பாய், கட்டடம் இப்ப நம்ம கையில இல்லையே?"

"இல்ல பாய். ஒப்படைச்சாச்சு."

"கொடுத்த பணத்த இனிமே யாரும் திருப்பிக் கேக்க முடியாதே?"

"யாராலயும் முடியாது. கலாஸ், முடிஞ்ச கதை."

"நான் என்ன செஞ்சாலும்?"

கௌஸ் முகம்மதுவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் கார்மேகத்தின் இடது கை ரகுநாதன் தாடையில் இறங்கிவிட்டது. நான் ரூவியில் பார்த்த அதே வீச்சு. மூக்குக் கண்ணாடி கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. மனுஷன் சுவரில் மோதி உட்கார்ந்து, கையில் ஒரு பல்லைத் துப்பிப் பார்த்தார். கார்மேகம் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"சுண்டல் நல்லா இருந்துச்சுன்னீங்களே சார்" என்றான். மறுபடியும் அடித்தான்.

எங்களில் ஒருவனும் விலக்கப் போகவில்லை. நான் போகவே இல்லை.

போலீஸ் வந்தது. அதே இளவயது அதிகாரி. கீழே கிடந்தவரைப் பார்த்தார். ஓடாமல் படியில் உட்கார்ந்திருந்த கார்மேகத்தைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துவிட்டது. செய்கு அலாவுதீனிடம் திரும்பி, இன்றைக்கு இவர்களுக்குப் பூசை இல்லையா என்று கேட்டார்.

இல்லை என்றார் அலாவுதீன்.

அதிகாரி விலங்கை எடுத்தார். மடங்கி நின்ற அந்த வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விலங்கைத் திரும்ப இடுப்பில் மாட்டிக்கொண்டு, வண்டியில் ஏறு என்று கையைக் காட்டினார். கார்மேகம் ஏறினான். நாகவள்ளிக்குப் பணம் போய்ச் சேர்ந்த அதே வாரம் அவனும் ஊர் போய்ச் சேர்ந்தான்.